பத்திரத்தில் இல்லாத ஒன்றரை மணி

கிணறு ஒன்று, பங்கு எட்டு.
என்னுடையது செவ்வாயும் வெள்ளியும்
மும்முனைக் கரண்ட் வந்ததிலிருந்து மூன்று மணி நேரம்.
அணைக்கட்டில் பதிந்த பத்திரம் அப்படிச் சொல்கிறது.

மாசியில் மேட்டுப்பாத்தி போட்டேன்.
என் காலுக்கு ஐந்தடி அகலம், முழங்காலுக்குப் பாதி உயரம்.
இரண்டு விளிம்பிலும் முள்ளுக்கத்திரி,
மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு சால்.

மேற்குப் பங்கு தனகோட்டி வரப்பில் நின்று பார்த்தார்:
"இன்னாம்மா இது,
பதினாலு பொணத்தைப் பொதைச்சா மாதிரி கீது?"

அன்று இரவு நிலா வெளிச்சத்தில்
எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.
எழுந்து போய் எண்ணினேன்.
பதினாலு.

போன வருஷம் வரை தட்டைப் பாத்தி.
தண்ணீர் தண்டைச் சுற்றி நின்று
செடியை நின்றபடியே அழுகவைக்கும்.
பிடுங்கிய கையில் அந்த நாற்றம் ராத்திரி வரை.
கடைசிப் பாத்திக்கு மடை திருப்பும் முன்
மோட்டார் காற்றைக் குடித்து இருமும்.

இப்போது சாலில் மட்டும் ஓடுகிறது, கணுக்கால் நனைய.
மேல்மண் காய்ந்து கிடக்கும், பார்ப்பவர் பதறும்படி.
விரலை விட்டால்
இரண்டாம் கணுவில் குளிர்கிறது.

ஒன்றரை மணியில் பதினாலும் நனைந்துவிட்டது.
மீதி?

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன்.
வண்டிப்பாதை உண்டு, கவலை ஓடிய தடம் உண்டு,
வெட்டி எட்டு வருஷமான புங்கமரம்கூட உண்டு.
மிச்சம் என்றொரு சொல் இல்லை.

மோட்டாரை நிறுத்தினேன்.
தெரியாமலில்லை.
எனக்கு அடுத்த முறை தனகோட்டிக்கு.
நான் விட்டுவைத்தது அவர் கரும்பில் போய்த் தேங்கும்.
என் மண்வெட்டி, என் இடுப்பு வலி,
அவர் கரும்பு.

ஒரு வெள்ளிக்கிழமை வீம்புக்கு
மூன்று மணியும் ஓடவிட்டேன்.
மேடு கரைந்து ஓரம் சரிந்து
ஒன்பது செடி சாலில் படுத்துக்கொண்டது.
அதோடு போயிற்று வீம்பு.

வைகாசியில்
பறிப்புக்கு ஆறு மூட்டை வந்த கொல்லையில் ஒன்பது.
நேதாஜி மார்க்கெட்டில்
விலை மட்டும் அதே இழுபறி.
குட்டியானைக்காரன் மூன்று மூட்டைக்குக்
கூடுதல் வாடகை கேட்டான்.

நேற்று விடியலில் என் கொல்லையில் தனகோட்டி.
"ஆடு ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா?"
அவரிடம் ஆடு கிடையாது.

செருப்பு வரப்பில் இருந்தது.
செடியில்லாத மேட்டு முனையில்
குதிகாலுக்கு முன் கட்டைவிரல் வைத்து
அடியடியாய்க் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்.
நாலில் மேடு முடிந்துவிட்டது.
திரும்பி நின்று இன்னொரு தடவை.
அப்போதும் நாலு.

"மேட்டை மிதிக்காதீங்க, மண்ணு இறுகிடும்.
கயிறு இருக்கு. தரேன்."