உப்புக் கிடங்கு, மூன்றாம் அங்கம்

நாற்பத்தொரு சொல்லில் ஒரே வாக்கியம்.
எழுதப் பதினோரு நாள் ஆயிற்று எனக்கு,
ட்ராய் நகரில், குழாய்த் தண்ணீர் உறைந்த ஜனவரியில்.
கெஸையா கதவருகே நின்று சொல்ல வேண்டும்.
கையில் விளக்கு. முதுகுக்குப் பின்னால் கணவன்.
சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும், திரும்பாமல்.
மூச்சு வாங்க ஒரே இடம்தான் விட்டிருந்தேன்,
'கடல்' என்ற சொல்லுக்கு அப்புறம்.

நூற்றுத் தொண்ணூறு இரவுகள் அதைச் சொன்னாள்
ஐரீன் பாஸ்கோம்ப்,
சில நாள் இருமலோடு, ஒருநாள் காய்ச்சலோடு.
மேல்மாடத்தில் கடலை உடைக்கும் சத்தம்கூட
நின்றுபோகும்.

பிறகு ஃபோர்ட் லீயிலிருந்து ஒருவர் வந்தார்.
தொப்பியைக் கழற்றாமலே காசோலையை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
கூரை ஒழுகிக்கொண்டிருந்தது,
இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

உப்புக் கிடங்கு 'உப்பும் முத்தமும்' ஆயிற்று.
கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தாய்
என் நாற்பத்தொன்று மூன்றாகச் சுருங்கியது:
நான் போக மாட்டேன்!
ஆச்சரியக்குறியும் அவர்களுடையதே.

ஸ்கெனக்டடியில், பத்து சென்ட் கொட்டகையில் பார்த்தேன்.
பியானோக்காரர் அழுகைக்கும் குதிரைக்கும்
ஒரே மெட்டை வேகம் மாற்றி வாசித்தார்.
திரையில் அவள், ஐரீன் அல்ல, வேறொருத்தி,
கதவருகே வந்தாள். விளக்கும் இருந்தது.
உதடுகள் அசைந்தன, அசைந்துகொண்டே இருந்தன.
மூன்று சொல்லுக்கு எதற்கு இத்தனை அசைவு?
நம்பினேன், ஐயோ, ஒரு கணம் நம்பிவிட்டேன்:
முழுவதையும் சொல்கிறாள்,
ஒருவர் காதிலும் விழாவிட்டாலும்.

கொட்டகையே கைக்குட்டை தேடிய நேரம்
பக்கத்து இருக்கைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.
முறைத்தேன். அவர் பையைத் துழாவி
ஒரு ரசீதின் வெற்றுப் பக்கத்தில் எழுதினார்:
லூத்தர் க்விம்பி. எஞ்சின் ஆலை, கொதிகலன் பிரிவு.
காது போய்ப் பன்னிரண்டு வருஷம்.
உதடு படிப்பேன். அவள் சொல்வது இதுதான்:

'சீக்கிரம் முடி, சைலஸ். விளக்கு விரலைச் சுடுகிறது,
பூட்ஸ் கடிக்கிறது, மத்தியானம் தந்த இறைச்சியில் நாற்றம்.
நாலரைப் படகு போய்விட்டால்
அடுத்தது ஏழு மணிக்குத்தான்.'

அட்டை சொன்னது, போக மாட்டேன் என்று.
அவளோ படகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.
மூச்சு வாங்கியது எங்கே என்று கேட்டேன், சைகையில்.
'நாற்றம்' என்ற இடத்தில் பென்சிலைத் தட்டினார்.
சரியான இடம்.
நானும் சிரித்தேன். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

பதினாறு வருஷம் கழித்து, படம் பேசத் தொடங்கியதும்
மறுபடி எடுத்தார்கள், கலிஃபோர்னியாவில்.
விளக்கு போய் மின்விசை வந்தது.
வாக்கியத்தில் பதினெட்டுச் சொல்; எண்ணினேன்.
ஒன்பது என்னுடையவை.
தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் குரல்.
இந்தத் தடவையும் அவள் போகவில்லை.

அதே கொட்டகைக்குத்தான் போயிருந்தேன்.
அட்டைகள் இல்லாத படம்.
இடைவேளையில் வரிசை வரிசையாகத் தேடினேன்.
க்விம்பி வரவில்லை, வந்து என்ன செய்வார்?

அந்த ரசீது இன்னும் இருக்கிறது,
கையெழுத்துப் பிரதியில், மூன்றாம் அங்கத்துப் பக்கத்தில்.
மறுபுறம் மளிகைக்காரர் கிறுக்கல்:
வெங்காயம் இரண்டு ராத்தல், ஆணி கால் ராத்தல்,
பாக்கி நான்கு சென்ட்.