எந்த ஸ்டேஷன்?

நான்கு இரவு, ஒன்பது மாநிலம்.
திப்ருகரில் ஏறிக் கன்னியாகுமரி வரை
அவர் மேல் படுக்கை, நான் கீழ்.
குறட்டைக்குப் பயந்து
பதினோரு வருடமாய்த் தனி அறையில் படுப்பவள் நான்.
அங்கே தண்டவாளம் அதை விழுங்கிவிட்டது.

"எங்க இருக்கோம்?" என்று
இருட்டில் தலை தொங்கும்.
கண்ணாடியில் நெற்றி வைத்துப் பார்ப்பேன்:
படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு பலகை,
பால் கேன்மேல் உட்கார்ந்து தூங்கும் ஒருவன்.
"தெரியல. நிக்குது."
அது போதும் அவருக்கு.

நேற்று பினாங்கு வந்து சேர்ந்தோம்.
பதினான்காவது மாடி, லிஃப்டில் மீன் வாடை.
கட்டில் அசையவே இல்லை.
ஜன்னலில் பாலத்து விளக்குகள்
பெட்டி பெட்டியாய்,
எங்கும் போகாமல்.

மணி மூன்று.
பக்கத்து அறையில் குறட்டையைக் காணோம்.
பிறகு சுவரில் இரண்டு தட்டு.
"தவமணி, இது எந்த ஸ்டேஷன்?"

"ஜெலுத்தோங்" என்றேன்.
"இஞ்சின் மாத்துறாங்க, ரொம்ப நேரம் நிக்கும்.
இறங்கி ஏதாச்சும் குடிக்கலாம்."

மைலோவுக்குத் தண்ணீர் வைக்கிறேன்.
அங்கே, முழங்கால் உயரக் கட்டிலிலிருந்து
மெல்ல, மிக மெல்ல,
ஏணியைத் துழாவும் கால்கள்.