குறுக்கீடு

என் வேலை, அவையில் பேசுவதை அப்படியே எழுதுவது.
இருமலை எழுதக் கூடாது. பெருமூச்சை எழுதக் கூடாது.
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தினால்
'குறுக்கீடு' என்று ஒற்றைச் சொல் போட்டு நகர வேண்டும்.
செயின்ட் ஜான்ஸ் நகரில், மூடுபனி கடலிலிருந்து ஏறிவரும் குன்றில்,
பதினோரு வருடமாக இப்படித்தான் சோறு.

இன்று கேள்வி நேரத்தில்
வடகரை உறுப்பினர் வெர்னா பின்சென்ட் எழுந்தார்.
ஆறு மணி நேரம் தானே வண்டியோட்டி வந்தவர்.
கோட்டின் தோளில் பனி இன்னும் கரையவில்லை.

"கிரேலிங் கோவ் மருத்துவமனையின் அவசரப் பிரிவு
போன வருடம் எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது?"

இந்த அரசு ஒதுக்கியதுபோல்
எந்த அரசும் ஒதுக்கியதில்லை என்றார் அமைச்சர்.
தொகையைச் சொன்னார்.
சுழியங்களை விரல்விட்டு எண்ணித் தட்டினேன்.

"பணத்தைக் கேட்கவில்லை. நாளைக் கேட்டேன்."

"பூட்டவில்லை, மாண்புமிகு உறுப்பினரே.
சேவை தற்காலிகமாக இடம் மாற்றப்பட்டது."

"எங்கே?"

ஒரு படகுத்துறைக்கும் தொண்ணூறு கிலோமீட்டருக்கும் அப்பால்.
காற்றடிக்கும் நாளில் படகு கிடையாது.
இதை அவர் சொல்லவில்லை, அதனால் நானும் எழுதவில்லை.

செவிலியர் பணியிடம் ஒன்பது. இருப்பது எத்தனை?
நான்கு.
ஒருத்தி பேறுகால விடுப்பில். ஒருத்திக்கு முதுகு பிடித்துக்கொண்டது.
இன்னொருத்தி இரட்டைச் சம்பளத்துக்கு
தனியார் நிறுவனம் வழியாக
அதே வார்டுக்கு, அதே செருப்போடு, திரும்பி வந்திருக்கிறாள்.
சிரிப்பு. குறுக்கீடு. குறுக்கீடு.

அப்புறம் வெர்னா ஒரு தாளை உயர்த்தினார்.
மருத்துவமனைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு.
'மீண்டும் திறக்கும் தேதி' என்ற இடத்தில்
வெள்ளை மை பூசி எழுதி, பூசி எழுதி,
ஆறாத புண்ணின் பொருக்குபோல் தடித்திருந்தது.

அவையில் பொருள்களைக் காட்டக் கூடாது என்றார் சபாநாயகர்.
தாள் இறங்கியது.

"ஆம்புரோஸ் ஹைன்ஸ், நண்டுப் படகுக்காரர்,
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானே ஓட்டிவந்து
இதைப் படித்திருக்கிறார்.
படித்து முடித்தாரா என்பது தெரியாது.
காலையில் பார்த்தபோது
வண்டியின் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
அமைச்சரிடம் எனக்கு வேறு கேள்வி இல்லை."

யாரும் இருமவில்லை.
மேசையில் வைத்த கை மேசையிலேயே இருந்தது.
ஒலிநாடாவில் பதினான்கு நொடி,
குளிர்சாதனத்தின் முனகல் மட்டும்.

அடுத்த கேள்வி, நெடுஞ்சாலையில் கடமான் வேலி பற்றி.
அதையும் தட்டினேன்.

மாலையில் அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன்.
சின்னத் திருத்தம்தான், கேள்வியில்
'பூட்டி' என்பதை 'இடம் மாற்றி' என்று போடலாமா?
அவர் வாயில் வந்தது பூட்டு, ஐயா,
சாவி என்னிடம் இல்லை என்றேன்.

எங்கள் அறையில் ஐந்து மேசை. ஆள் இரண்டு.
ஏழரை மணிக்கு அந்தப் பதினான்கு நொடிக்குத் திரும்பி வந்தேன்.
மௌனத்துக்கு விதிப்புத்தகத்தில் சொல் இல்லை.
ஆனாலும் அன்றைய பேச்சு முழுவதிலும்
அது ஒன்றுதான் குறுக்கே வந்து நின்றது.
'குறுக்கீடு' என்று போட்டேன்.

தவறுதான்.
அடித்துத் திருத்த வேண்டிய மேற்பார்வையாளர் பதவி
மார்ச் மாதத்திலிருந்து காலி.