மறுப்புப் படிவம்

எல்டர்மூர் கல்லூரிக்கு,

உங்கள் மே முதல் தேதியின் நள்ளிரவு
ஜெலுத்தோங்கில் மறுநாள் நண்பகல்.
பன்னிரண்டு மணி நேரம் எனக்குக் கூடுதல்.
அதையும் செலவழித்துவிட்டேன்.
இப்போது பதினொன்றே முக்கால்.

அறுநூற்று நாற்பது மாணவர்கள் என்றீர்கள்.
எங்கள் இடைநிலைப்பள்ளியின் திங்கட்கிழமைச் சபைகூடலில்
உங்கள் கல்லூரி மொத்தமும்
கூடைப்பந்து வளையம் வரைதான் வரும்.
அது எனக்குப் பிடித்திருந்தது.
கடைசி வரிசையே இல்லாத இடம்,
ஒளிய முடியாது.

குகனேசன் மாமா
கேட்பதற்கென்றே பாலம் தாண்டி வந்தார்.
"அங்க போயி என்ன படிக்கப்போற?"
"இன்னும் முடிவு பண்ணல மாமா.
ரெண்டு வருஷம் எல்லாத்தையும் படிச்சுப் பாக்கலாம்."
"முடிவு பண்ணாததுக்கா இத்தன வெள்ளி?"

மருத்துவம் என்றால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும்.
உங்கள் பாடப்பட்டியலில்
'மண்' என்று ஒரு வகுப்பு இருந்தது,
புவியியல்காரரும் மெய்யியல்காரரும் சேர்ந்து நடத்துவது.
அதை மாமாவிடம் சொல்லவில்லை.
இரண்டு இரவு அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

உங்கள் மாணவி ஒருத்தி
கைப்பட ஓர் அஞ்சலட்டை அனுப்பியிருந்தாள்:
ஏப்ரலில் குளத்துத் தவளைகள் தூங்கவிடாது,
இப்போதே மன்னித்துக்கொள்.
எங்கள் பிளாட்டுக் கால்வாயிலும் தவளை உண்டு
என்று பதில் எழுதினேன்.
அஞ்சல்தலை ஒட்டவில்லை.

மற்றக் கல்லூரி தவளை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
அதே செங்கல், அதே ஏரி,
அதே மரத்தடியில் சிரிக்கும் அதே ஐந்து பேர்.
ஆண்டுக்கு நாலாயிரத்து நூறு டாலர் கூடுதல் உதவி.
வெள்ளிக்கு மாற்றி, நான்கு வருஷத்துக்குப் பெருக்கினால்
அம்மாவின் சேமநிதி அறிக்கையில்
கடைசி வரியில் இருக்கும் எண்ணுக்கு
மிகப் பக்கத்தில் வருகிறது.

காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்கிறீர்கள்.
பணம். பாடத்திட்டம். தொலைவு. தட்பவெப்பம். பிற.

பக்கத்தில் அம்மா.
தொழிலாளர் தின இரவு வேலை, மும்மடங்குச் சம்பளம்.
பாயான் லெப்பாஸ் பேருந்து இறக்கிவிட்டதிலிருந்து
இன்னும் படுக்கவில்லை.
ஆங்கிலம் மெதுவாகத்தான் படிப்பாள்.
ஒரு சொல்லை மட்டும்
எந்த மொழியிலும் வேகமாகப் படிப்பாள்.

முதல் வட்டத்தின் மேல் நின்ற சுட்டியைக்
கீழே இறக்கினேன்.

"குளிரா?"
"ஆமாம்மா. தாங்க முடியாதாம்."

தலையசைத்தாள்.
பதினோரு வருஷமாகச் சுத்த அறைக் குளிரில்
கண் மட்டும் தெரிய உடுத்திக்கொண்டு
சில்லுகளில் கீறல் தேடுபவள்.

பிறகு தன் கைப்பேசியைத் திறந்தாள்.
வானிலைப் பக்கம்.
பினாங்கு, முப்பத்திரண்டு.
அதன் கீழே, எப்போது சேர்த்தாளோ,
உங்கள் ஊர், ஒன்பது.
அதற்கும் கீழே மற்ற ஊர்,
மூன்று.

ஒன்றும் கேட்கவில்லை.
உங்கள் ஊரின் மேல் விரலை வைத்து அழுத்தினாள்,
நீக்கவா என்று அது கேட்டது.
கொஞ்ச நேரம்
விரலை எடுக்காமலே இருந்தாள்.