மூன்று நாளாய் ஒரே எண்

திங்கள் 38.2
செவ்வாய் 38.2
புதன் 38.2

திபிலிசி அலுவலகத்திலிருந்து போன் செய்தவர்
"அணை அசையவே இல்லை, நல்லதுதானே" என்றார்.
மக்வாலா பதில் சொல்லாமல்
ரப்பர் பூட்ஸைத் தேடினாள்.

மே மாதம்.
காக்கசஸ் உச்சியில் பனி உருகி
ஏரி நாளுக்கு ஒரு முழம் ஏறுகிறது.
இத்தனை தண்ணீர் முதுகில் சாய்ந்தால்
எந்தக் கான்கிரீட்டும் கொஞ்சம் முன்னே குனியும்.
குனிய வேண்டும்.
இலையுதிர் காலத்தில் நீர் வடிந்ததும் நிமிரும்.
பத்தொன்பது வருடமாய் அவள் பார்த்துவரும் மூச்சு,
ஒரு மூச்சுக்கு ஓர் ஆண்டு.

அது நின்றுவிட்டதாய் எண் சொன்னால்
நின்றது எதுவென்று
இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

லிப்ட் பழுது.
ஜும்பேர் எழுதி ஒட்டிய அட்டை
போன மாதத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது.
அறுநூற்றுப் பன்னிரண்டு படி,
சுவரெல்லாம் ஈரம்,
டார்ச் வெளிச்சத்தில் தன் மூச்சின் புகை,
கோட்டுப் பையில் அவரை அடைத்த ரொட்டி.
முந்நூறாவது படியில்
வலது முழங்கால் ஒரு தகவல் அனுப்பியது.
அதைக் குறிக்க ஏட்டில் கட்டம் இல்லை.

அடிக்கூடத்தில் ஊசல் கம்பி:
அணையின் உச்சியில் கட்டி
நூற்றிருபது மீட்டர் கீழே
எண்ணெய்த் தொட்டியில் மூழ்கிய இரும்புக்குண்டு.
அணை எப்படிக் குனிந்தாலும்
கம்பி செங்குத்தாய் நிற்கும்.
எவ்வளவு குனிந்ததென்று
இரண்டு ஒளிக்கண்கள் பக்கத்திலிருந்து அளக்கும்.

ஒளிக்கண்கள் பொய் சொல்லவில்லை.
கம்பி அசையவில்லைதான்.

கூரை விரிசலில் கசிந்த சுண்ணாம்பு நீர்
சொட்டுச் சொட்டாய் உறைந்து
சுண்டுவிரல் கனத்தில் வெள்ளையாய் நீண்டு
கம்பியை வளைத்துப் பிடித்திருந்தது.
தன் எலும்பையே கரைத்துத்
தன் நாடியைத் தானே
அழுத்திக்கொண்டிருக்கிறது அணை.

நகத்தால் சுரண்டினாள். வரவில்லை.
சாவிக்கொத்தால் தட்டினாள்.
டிக்.

கம்பி நடுங்கியது.
எண்ணெயில் ஒரு வளையம் விரிந்தது.
திரையில் எண்கள் முண்டியடித்து ஓடின,
மூன்று நாள் சொல்லாமல் வைத்திருந்ததை
மூன்றே நிமிடத்தில் சொல்லி
41.7-இல் மூச்சு வாங்கின.

சென்ற மே மாதம், இதே நீர்மட்டத்துக்கு, 41.4.
அணை போய்விட்டுத் திரும்பாத தூரம் இது,
ஆண்டுக்கு ஏறக்குறைய இவ்வளவு.
அவள் வேலைக்கு வந்ததிலிருந்து கூட்டினால்
ஒரு கோதுமை மணி நீளம் இருக்கும்.
சிவப்புக் கோடு இன்னும் வெகு தொலைவில்.
கீழே பள்ளத்தாக்கில்
இந்நேரம் பள்ளிப் பேருந்து
பாலத்தருகே திரும்பிக்கொண்டிருக்கும்.

ஏட்டில் "காரணம்" என்ற கட்டத்தில்
'கல் வளர்ந்தது' என்று எழுதினாள்.
கொஞ்சம் யோசித்து
அடிக்காமல் விட்டாள்.

சுவர்த் தொலைபேசி மணியடித்தது.
"என்ன ஆச்சு?"
"அசைகிறது" என்றாள்.

மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.
அவள் ரொட்டியைப் பிரித்தாள்.