தாங்குதிறன்

அப்புத்தளை பிரதேச சபை, மேல்மாடி.
சுற்றுலா வளர்ச்சித் திட்டம், மூன்றாவது கூட்டம்.
எனக்கு வேலை மொழிபெயர்ப்பு.
சிங்களத்தில் வருவதைத் தமிழில் இறக்கி
தமிழில் வருவதைச் சிங்களத்தில் ஏற்றவேண்டும்.
சுமைகூலி மாதிரித்தான்.

மேசையில் வரைபடம்.
சுருளப் பார்க்கும் மூலைகளை
ஒரு பிளேன்டிக் கிளாஸ், ஒரு ஸ்டேப்ளர்,
ஆலோசகர் வீரக்கோனின் போன்
அழுத்திப் பிடித்திருந்தன.
நான்காவது மூலை மட்டும்
பேசப் பேச எழும்பி எழும்பிப் பார்த்தது.

பச்சைப் புள்ளி, காட்சி மேடை.
நீலப் புள்ளி, மரக்குடில்கள் நாற்பது.
மஞ்சள், கொழுந்து பறிக்கும் அனுபவம்:
ஒரு மணித்தியாலம், கூடை வாடகையும் சேர்த்து
நாலாயிரம் ரூபாய்.
நான் அதைத் தமிழில் சொன்னதும்
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
இருமலுக்கு மொழிபெயர்ப்பு எவரும் கேட்கவில்லை.

ஜெயசீலன் எழுந்தான்.
லீசிங் ஆட்டோ, இன்னும் இருபத்தாறு மாதம்.
"எங்களுக்கு ஆள் வரணும் சேர்.
ஸ்டேஷன்ல நாலு பேர் இறங்கினா
முப்பது ஆட்டோ ஓடுது.
எதிர்த்துப் பேச நான் வரல்ல.
ரோட்டைப் போடுங்க, போதும்."
சின்ன வாக்கியங்கள், சுலபமாய் ஏற்றிவிட்டேன்.
உட்காரும்வரை அவன் கை
முன்கதிரையின் முதுகை விடவேயில்லை.

பிறகு வீரக்கோன் அந்தச் சொல்லுக்கு வந்தார்.
ஓரிடம் கெட்டுப்போகாமல்
எத்தனை பேரை ஏற்கும் என்கிற கணக்கு.
நாளொன்றுக்கு எண்ணூறு.
ஒரு கணம் தடுமாறி
"தாங்குதிறன்" என்றேன்.
அகராதியில் இருக்கும் சொல்தான்.

மேற்பிரிவுப் பூங்காவனம் கை உயர்த்தவில்லை.
உட்கார்ந்தபடியே கேட்டார்:
"தாங்குறது யாரு?"

மலை, என்று சொல்லிவிட்டேன்.
பதில் சொல்வது என் வேலையல்ல.

"எந்த மலை? பதினாலாம் நம்பரா?
அதுதான் போன ஐப்பசியில இறங்கி வந்துச்சே,
எங்க தொங்கல் வீட்டுக் குசினி வரைக்கும்."

எழுந்து வந்தார். விரல் நுனியில் கொழுந்துக் கறை.
வரைபடத்தில் லயத்தைத் தேடினார். லயம் இல்லை.
ரயில் பாதையைப் பிடித்து,
கோயில் வளைவைப் பிடித்து,
கான் இறங்கும் வழியே ஊர்ந்துபோய்
ஒரு நீலப் புள்ளியில் நின்றது விரல்.

"இங்கதான் சிவப்புக் கடுதாசி ஒட்டிட்டுப் போனாங்க,
மண்சரிவு, ஆள் இருக்கக் கூடாதுன்னு.
எட்டு வருஷமா வேற காணி தேடுறாங்களாம்.
நாங்க படுத்தா சரியுற மண்ணு
வெள்ளைக்காரங்க படுத்தா சரியாதா?"

மண்ணுக்குச் சிங்களத்தில் சொல் இருக்கிறது.
சரிவதற்கும் இருக்கிறது.
அந்தக் கடைசி ஆகாரத்துக்குத்தான்
ஒன்றும் அமையவில்லை எனக்கு.
வெறும் கேள்வியாகப் போய்ச் சேர்ந்தது.

அதே லயத்தில் எட்டாம் காம்பராவில் பிறந்தவன் நான்.
மாசியில் அந்தப் பீலியில்
ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று தெரியும்.
சொல்லவில்லை.
மொழிபெயர்ப்பாளருக்கு முகவரி கிடையாது.

வீரக்கோன் கெட்ட மனிதரல்ல.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சிவப்பு வரைபடம் வேறொரு திணைக்களத்தில் இருக்கிறது,
கேட்டேன், எனக்குத் தரவில்லை" என்றார், மெதுவாக.
போனை எடுத்ததும் இன்னொரு மூலையும் சுருண்டது.
நீலப் புள்ளியைச் சுற்றி
பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.
அழிக்கக்கூடிய வட்டம்.

அறிக்கையில் எழுதினேன்:
விடயம் மூன்று, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.

கீழே, பனிக்குள், ஜெயசீலனின் ஆட்டோ.
முதுகுப் பைகளோடு இரண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள்
காட்சி எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.
இருக்கு, இருக்கு, ஏறுங்க, என்றான்.
மேற்பிரிவுப் பெண்கள் மூவரும் ஏறினார்கள்.
பூங்காவனத்துக்கு ஓட்டுநர் சீட்டில் பாதி.
ஆட்டோவின் பக்கத்தில் வெள்ளை எழுத்து:
பயணிகள் மூவர்.

மேட்டில் எஞ்சின் ஒருதரம் திக்கியது.
பிறகு ஒன்றும் தெரியவில்லை,
சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்
ஏறிக்கொண்டே இருந்தது.