அடிமரம் வரைக்கும் புல்

காலை ஏழே முக்கால்.
இன்குபேட்டர் கதவைத் திறந்தால்
இளஞ்சூட்டில் ஒரு வாடை,
புளித்த கஞ்சிக்கும் ஈரத் துணிக்கும் நடுவில்.
பதினாறு வருஷமாக இதுதான் என் முதல் மூச்சு.
அப்புறம்தான் தே தாரேக்.

தட்டு நாற்பத்தொன்று.
நான்காம் வார்டு, குணாளன்,
செம்பனைக் குலை ஏற்றும் லோரி டிரைவர்.
ஆறு நாளாய்ப் பேதி, காய்ச்சல். இப்போது ரத்தத்திலும்.
நேற்று அவருடைய கிருமியைத்
தட்டு முழுக்கப் பஞ்சால் பூசி
ஆறு வெள்ளை வில்லைகள் வைத்தேன்,
ஸ்டிக்கர் பொட்டு அளவு. ஒவ்வொன்றும் ஒரு மருந்து.

மருந்து கேட்டால், வில்லையைச் சுற்றி
கிருமி முளைக்காத வட்டம் விழும்.
ஸ்கேல் வைத்து அளப்பேன்.
இருபத்தைந்து மில்லிமீட்டர் என்றால் நிம்மதி.
பதினைந்து என்றால் யோசனை.

இன்று நாலு வில்லைக்கு வட்டமே இல்லை.
விளிம்பை உரசிக்கொண்டு
சாம்பல் பாய் விரித்துக் கிடக்கிறது சால்மொனெல்லா.

இந்த வட்டத்தை நான் முதலில் பார்த்தது கல்லூரியில் இல்லை.
ஊத்தான் மெலிந்தாங், மூணாம் டிவிஷன்.
அம்மா முதுகில் பதினாறு லிட்டர் பம்பு.
ஒவ்வொரு செம்பனையின் அடியிலும்
ஒரு சுற்று நடந்து மருந்தடிப்பாள்.
பத்து நாளில் புல் கருகி
மரத்துக்கு மரம் பழுப்பு வட்டம்,
உதிரிப் பழம் பொறுக்கத் தோதாக.

ஒரு வருஷம் வட்டம் விழவில்லை.
அடிமரம் வரைக்கும் புல்,
பச்சையாய், கூச்சமே இல்லாமல்.
மண்டோர் சந்தியாகு காலால் தள்ளிப் பார்த்துச் சொன்னார்:
"மருந்துல தண்ணியக் கூட்டிட்ட."
அரை நாள் கூலி வெட்டு.

அம்மா கூட்டவில்லை.
புல்தான் பழகிவிட்டது.
அவளுக்கு அது தெரியும். கேட்கத்தான் ஆள் இல்லை.

படிவம் நிரப்புகிறேன்.
ஆம்பிசிலின்: ஆர்.
டெட்ராசைக்ளின்: ஆர்.
சிப்ரோ: ஆர்.
'அடங்க மாட்டேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் அந்த ஓர் எழுத்து.
என் காதில் அது கேள்வியாகவே விழுகிறது.
ஆர்? ஆர்? ஆர்?

பதினொரு மணிக்கு ஈப்போவிலிருந்து போன்.
இன்ஸ்பெக்டர் ஃபவ்ஸி எடுத்துப்போன மாதிரிகள்:
படகுத்துறை இறாலில் வேறு கிருமி, இதே பிடிவாதம்.
வியாழக்கிழமைச் சந்தைக் கோழியில்
இதே கிருமி. அதே நாலு ஆர், அதே வரிசையில்.

அந்தச் சந்தையில் நானும் ஒரு கோழி வாங்கினேன்.
பாதி குழம்பாயிற்று.
பாதி ஃபிரிட்ஜில், பிளாஸ்டிக் பையில்,
கங்கோங் கீரைக்கு மேல்தட்டில்
சொட்டிக்கொண்டிருக்கிறது.

தேவராயனுக்கு அடித்தேன். சுங்கை சுமுன் பக்கம் பண்ணை.
"நோய் வந்தா குடுக்கிறதில்லக்கா,
வராம இருக்கக் குடுக்கிறோம்.
தண்ணித் தொட்டிக்கு ஒரு பாக்கெட்.
எடையும் கொஞ்சம் ஏறும்."
கெட்டவன் இல்லை. என் மகன் காதுகுத்துக்கு
ஆறு கோழி சும்மா தந்தவன்.
போனை வைத்த பிறகும்
அவன் பின்னால் கேட்ட குஞ்சுகளின் கீச்சொலி
காதில் நின்றது.

மிச்சம் ரெண்டு வில்லை.
ஒன்றுக்கு வட்டம் இருபத்தொன்று.
கண் அதை இருபத்துமூன்று என்று படிக்கப் பார்க்கிறது.
மறுபடி அளந்தேன். இருபத்தொன்றுதான்.
இன்னொன்றுக்கு நல்ல வட்டம்;
அந்த மருந்து எங்கள் ஆஸ்பத்திரியில்
பூட்டிய அலமாரியில் இருக்கிறது.
சாவி வாங்க மூன்று கையெழுத்து.

சாயங்காலம் அம்மா வெட்டுப்பலகை தேய்த்துக்கொண்டிருந்தாள்.
சொன்னேன். மருந்து கேக்க மாட்டேங்குதும்மா.
கை நின்றது.

"ஆரு தண்ணியக் கூட்டுனது?"

"மருந்துல தண்ணி இல்லம்மா.
தண்ணியில மருந்து."

கொஞ்ச நேரம் குழாய் மட்டும் ஓடியது.
பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
மேல் அலமாரி மைலோ டின்னைத் திறந்து
ஒரு மாத்திரை அட்டையை மேசையில் வைத்தாள்.
போன மாதம் கிளினிக்கில் தந்தது.
நாலு குழி இன்னும் உடையாமல்.

"இருமல் நின்னுருச்சு," என்றாள். "அதான்."